டீச்சர் படிக்கப் போன கதை

டீச்சர் வந்து இறங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவளை அத்தனை தூரத்திலிருந்து வரவழைத்த பேராசிரியர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று முதலில் சொன்னார்கள். வழுக்கவில்லை, மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதால்தான் விழுந்தார் என்று மறுநாள் சொன்னார்கள். வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது என்று அதற்குப் பிறகு சொன்னார்கள். தவணை தவணையாகச் சொன்னதில், இது தன் தலையில் விழுந்த இடி என்பது டீச்சருக்கு உறைக்கவே சில நாள் ஆனது. உறைத்தபோது அவள் நூலகத்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து வந்த மாணவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

ஊரில் தெரு முழுக்க அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். கட்டின கணவரே, "டீச்சர், காபி கிடைக்குமா, இல்ல கிளாஸ் எடுக்கப் போறீங்களா?" என்றுதான் கேட்பார். ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தாள். ஒரே ஒரு நல்ல மைக்ராஸ்கோப், அதற்கு முன்னால் சினிமா டிக்கெட்டுக்கு நிற்பதுபோல வகுப்பே வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, நிலக்கடலைச் செடியின் வேரை அழுக வைக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பித்துப் பிடித்தது. சுற்று வட்டாரத்துக் கடலைக் காடுகளிலிருந்து அழுகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டு வருவாள். பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளைக் கிருமி போக அவிக்க வேண்டும். அதற்கான இயந்திரம் கல்லூரியில் பழுதாகி மூலையில் கிடந்தது. வீட்டுக் குக்கரில் வைத்து விசில் விட்டாள். "இன்னிக்கு என்ன, பூஞ்சைக் குழம்பா?" என்று கணவர் எட்டிப் பார்ப்பார். சொன்னாரே தவிர, குக்கரின் கேஸ்கட் போனபோது அவர்தான் ராத்திரியோடு ராத்திரியாகப் புதுசு வாங்கி மாட்டினார்.

அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கையில் எப்போதும் வார்னிஷ் வாடை. அவள் எழுதிய கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்து, அதைப் படித்த வெளிநாட்டுப் பேராசிரியர், "நீங்கள் குக்கரில் செய்ததை என் ஆய்வகத்தில் வந்து செய்யுங்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து தருகிறேன்" என்று எழுதியபோது, டீச்சர் அதை அவரிடம் காட்டவே இரண்டு நாள் தயங்கினாள். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். குட்டி என்று கூப்பிடுவார்கள்.

கணவர் படித்தார். புரியாத இடத்தில் நிறுத்தி அர்த்தம் கேட்டார். கடைசியில், "போயிட்டு வா. குட்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீங்க பாத்துப்பீங்க. தலை யாரு பின்னுவா?"

"காயில் கட்டற கைக்குத் தலை பின்ன வராதா?"

வரவில்லை. ஒரு வாரம் பழகிப் பார்த்தும் வரவில்லை. அதனால் தனியாக இருந்த அவருடைய அக்கா ஒரு பெட்டியோடும் தையல் மிஷினோடும் வந்து சேர்ந்தாள். டீச்சருக்கு அண்ணி, குட்டிக்கு அத்தை. அதிகம் பேசாதவள். "கவலைப்படாம கெளம்பு" என்றாள், அவ்வளவுதான். கிளம்பும்போது குட்டி அழவில்லை. விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் வண்டியில் ஏறி நின்று, "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று அப்பாவை விரட்டிக்கொண்டிருந்தாள். பெரிய லீவுக்கு அம்மா வந்துவிடுவேன் என்று டீச்சர் சொன்னதற்கு, "சரி சரி" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

வந்து சேர்ந்த இடத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு வீட்டின் மேல்மாடி அறை. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். கட்டிலிலிருந்து நினைவில்லாமல் எழுந்தால் தலையில் ணங்கென்று இடிக்கும். முதல் வாரத்திலேயே நெற்றியில் இரண்டு புடைப்பு. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் ஈர வாடை. கீழே பொதுச் சமையலறை. அதில் ஓர் அலமாரிக்கு மட்டும் பூட்டு தொங்கும். அது பக்கத்து அறைக்காரியுடையது. அவள் எந்த நாட்டுக்காரி என்று டீச்சருக்குக் கடைசி வரை சரியாக விளங்கவில்லை. எதிரே வந்தால் தலையை ஆட்டுவாள், எடுத்ததையெல்லாம் பூட்டுவாள். உப்பு டப்பாவுக்குக்கூட அவளிடம் ஒரு குட்டிப் பூட்டு இருந்தது. அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தவள் அந்த வீட்டில் தமிழ் பேசிய இன்னொரு ஜீவன், கம்ப்யூட்டர் படிக்க வந்த பெண். அவளுக்கு டீச்சர் மனசுக்குள் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயாது. பல் தேய்த்துக்கொண்டே பேசுவாள்.

"அக்கா, மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். எனக்கெல்லாம் கடைக்காரன் என்ன கேக்கறான்னே புரியாது. எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லிப் பூனைத் தீனி வாங்கிட்டு வந்தேன். படத்துல மீன் போட்டிருந்துச்சு, டின் மீன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பாதி சாப்ட்ட பிறகுதான் பூனை படத்தப் பாத்தேன்."

டீச்சர் அங்கே வந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பேராசிரியரை அவள் நல்ல நிலையில் பார்த்தது ஒரே ஒரு வாரம். தும்பைப்பூ மாதிரி தலை, எப்போதும் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டு. அவள் பெயரை எழுதி ஒட்டிய மேஜை தயாராக இருந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "இவங்ககிட்ட அந்தக் குக்கர் கதையைக் கேளுங்க" என்றார். அவர்கள் சிரிக்கும்போது அவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் பிள்ளை பாட்டுப் பாடிக் காட்டுவதைப் பார்ப்பதுபோல. அடுத்த திங்கட்கிழமை வேலை ஆரம்பிக்கலாம் என்றார். அந்தத் திங்கட்கிழமைக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஓய்வு பெறும் வயது நெருங்கியவர், அவருக்கு அடுத்தபடியாக ஆளும் இல்லை. ஆய்வகத்தை மூடிவிட முடிவு செய்தார்கள்.

துறை அலுவலகத்தில் இருந்த அம்மாள் நல்ல மாதிரி. டீச்சரை உட்காரச் சொல்லி, கண் துடைக்கும் காகிதப் பெட்டியை முன்கூட்டியே எடுத்து மேஜையில் வைத்தாள். அதைப் பார்த்ததுமே டீச்சருக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

"உங்க தப்பு எதுவுமே இல்ல. ஆனா வழிகாட்டி இல்லாம யாரும் ஆராய்ச்சி மாணவியா இருக்க முடியாது. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள வேற ஒருத்தர் உங்கள ஏத்துக்கணும்."

"யாரும் ஏத்துக்கலைன்னா?"

"உங்க விசாவும் அதோட சேர்ந்ததுதான்" என்றாள் அந்த அம்மாள். பெட்டியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த வாரம் ஆய்வகக் கதவில் தன் அடையாள அட்டையை வைத்தபோது பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். யாரோ இரண்டு பேர் பேராசிரியர் ஆயுசு முழுக்கச் சேர்த்த பூஞ்சைக் குப்பிகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜையின் மேல் ஒரு நாற்காலி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

டீச்சர் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். ஒருவர் இடமில்லை என்றார். ஒருவர், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். ஒருவர், "பூஞ்சைன்னா எனக்கு அலர்ஜி" என்று சிரித்தார். கிண்டல் என்று நினைத்து அவளும் சிரித்தாள், அப்புறம்தான் தெரிந்தது, அவருக்கு நிஜமாகவே அலர்ஜி. ஒரு அம்மாள் மிகவும் அன்பாக, தேநீர் எல்லாம் கொடுத்து, முடியாது என்றாள். கடைசி மாடியில் இருந்தவர் ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். மரக் கட்டடங்களை அரிக்கும் பூஞ்சையைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். துறையில் எல்லோரும் அவரை நெட்டை என்றுதான் சொன்னார்கள். இவர்தான் தனக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பவர் என்று டீச்சர் மலைபோல நம்பியிருந்தாள். அவர் அறைக்குள்கூடக் கூப்பிடவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"நீங்க வயல் பூஞ்சை. நான் மரப் பூஞ்சை. நடுவுல வர்றவங்கள நான் எடுக்கறதில்ல. மன்னிச்சிருங்க."

கதவு மெதுவாகத்தான் மூடியது. ஓங்கிச் சாத்தியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம்.

இதில் எதையும் அவள் வீட்டுக்குச் சொல்லவில்லை. முதல் நாள், பேராசிரியர் பிழைப்பாரா என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். அப்புறம், வேறு ஆள் கிடைத்த பிறகு சேர்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கடினமாக்கியது.

"லேப் எப்படி இருக்கு?" என்று கணவர் கேட்பார்.

"நல்லாருக்குங்க."

"புரொபசர்?"

"தங்கமான மனுஷன்." அது ஒன்றாவது பொய்யில்லை.

"கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன் டீச்சர். மோட்டார வாங்க வர்றவன்கூட உன்னப் பத்திக் கேட்டுட்டுத்தான் போறான்."

காலையில் வேலைக்குப் போகிறவள் மாதிரி பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நூலகத்தின் கீழ்த்தளத்தில், வெந்நீர்க் குழாய் ஓடும் சுவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து உட்காருவாள். வேறு ஊர்களில் இருந்த பேராசிரியர்களுக்கெல்லாம் எழுதுவாள். பதில் வராத மெயில்பெட்டியைத் திறந்து திறந்து மூடுவாள். மத்தியானம் படிக்கட்டுக்கு அடியில் நின்றுகொண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் தின்பாள். கல்லூரியில் அவளைக் கண்டாலே கொத்தாக எழுந்து நிற்கிற பிள்ளைகளை நினைத்தால் பாதி ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் சுற்றிவிடுவாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனது பேராசிரியரைப் பார்க்க மட்டும் அல்ல. ஒரு சிபாரிசு கேட்கவும்தான். அவர் யாரையாவது பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்தால்கூடப் போதும் என்று கணக்குப் போட்டிருந்தாள். போய்ப் பார்த்ததும் அந்தக் கணக்கை நினைத்து அவளுக்கே கூசியது. அவர் தலையணைகளுக்கு நடுவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. கழுத்தில் கம்பளித் துண்டு இல்லை. அவளைப் பார்த்ததும் கண் விரிந்தது, தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சொல்ல முடியாமல் அழ ஆரம்பித்தார்.

அவருடைய மனைவி துவண்டுபோய் இருந்தாள். "நீங்கதானே அந்தக் குக்கர்ப் பொண்ணு?" என்று கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "கொஞ்ச நேரம் உக்காந்திருப்பீங்களா? வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன். இவர் தனியா இருந்தாப் பயப்படறார்" என்றாள்.

டீச்சர் உட்கார்ந்தாள். அவர் மொழியில் ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவள் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

"ஐயா, நான் என்ன செய்யறதுன்னே தெரியலைங்க. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. ஒரு ஆளும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. வீட்டுல சொல்லவும் முடியல. எம் பொண்ணு ஒரு வாரமாப் போன்ல வரவே மாட்டேங்கறா. உங்களக் குத்தம் சொல்லலைங்க, உங்களுக்கே இப்படி ஆயிருச்சு. யாரக் குத்தம் சொல்றதுன்னுதான் தெரியல."

இத்தனை நாளும் நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் கொட்டியது. அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் விளங்குகிற இடது கையை மெல்ல நகர்த்தி, போர்வையின் மேல் அவள் பக்கமாக வைத்தார். மனைவி திரும்பி வரும் வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சிபாரிசு கேட்கவே இல்லை. வியாழன்தோறும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பொய் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கணவர் கூப்பிட்டு, "நாளைக்குக் குட்டி ஸ்கூல்ல அம்மா அப்பா என்ன வேலை பாக்கறாங்கன்னு சொல்லணுமாம். நீ லேப்ல கோட்டு போட்டு நிக்கற மாதிரி கொஞ்சம் பேசு டீச்சர். அவ பாத்தா நல்லாச் சொல்லுவா" என்றார். டீச்சரால் மறுக்க முடியவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள். ரேடியோவிடம் போய் நின்றாள். ரேடியோவுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"அக்கா, சொல்லிடுங்க. பேசாம சொல்லிடுங்க."

"நாளைக்கு அவ ஸ்கூல்ல பேசி முடிக்கட்டும். அப்புறம் சொல்லிடறேன்."

அறையிலேயே வெள்ளையாக இருந்த ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்து பிரிக்காமல் வைத்திருந்த வெள்ளைக் கோட்டை டீச்சர் மாட்டிக்கொண்டாள். மடிப்பு மடிப்பாக நின்றது. சமையலறையிலிருந்து இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். ஒன்று பூட்டுவின் கிண்ணம். எப்படியோ பூட்டப்படாமல் சிக்கியது. ரேடியோ போனைப் பிடித்தாள்.

குட்டி வெகு நாளைக்குப் பிறகு திரையில் வந்தாள். முடியை இரட்டைப் பின்னலாகப் போட்டு, நன்றாக இழுத்து வாரியிருந்தாள் அத்தை. டீச்சர் அந்தப் பின்னலைத்தான் முதலில் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். "இதான் அம்மா வேலை பாக்கற எடம். இதுல தான் அந்தப் பூஞ்சைய வளப்பேன்…"

கணவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். குட்டி உற்று உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, லேப்ல எதுக்கு உன் போர்வை இருக்கு?"

ரேடியோவின் கை ஆடியிருக்க வேண்டும். கட்டிலின் ஓரமும், ஊரிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட போர்வையும் தெரிந்திருக்கிறது. குட்டி அதைப் போர்த்திக்கொண்டு தூங்கியவள், அவளுக்குத் தெரியாதா?

கணவர் சிரிப்பதை நிறுத்தியது திரையில் நன்றாகத் தெரிந்தது.

"குட்டி, நீ அத்தைகிட்டப் போ" என்றார். அவள் போனதும், "என்ன நடக்குது?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் சொன்னாள். அவர் கத்தவில்லை.

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சுங்க. தைரியம் வரல."

"ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேனே, நீ பாட்டுக்குக் கேட்டுட்டே இருந்திருக்க."

அதோடு வைத்துவிட்டார். மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் கூப்பிட்டபோது அண்ணி எடுத்து, "கடையில இருக்கான். சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள். குட்டி பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுவார் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

அதற்குப் பிறகு டீச்சர் எழுந்திருக்கவில்லை. நூலகத்துக்குப் போகவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. சரிந்த கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எப்போது விடிகிறது எப்போது இருட்டுகிறது என்பது அந்த ஜன்னலில் பெரிதாகத் தெரியாது. ரேடியோ கதவைத் தட்டித் தட்டிச் சோற்றை வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் யாரோ கதவுக்கு வெளியே ஒரு மூடிய கிண்ணம் வைத்திருந்தார்கள், உள்ளே சூடான சூப். பூட்டு தன் கிண்ணத்தைத் தேடி வந்தவள், விஷயம் கேள்விப்பட்டு, அதே கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனாளாம். டீச்சர் அதைக் குடிக்கவில்லை. குடிக்க முடியவில்லை. திரும்பிப் போய்விட வேண்டியதுதான் என்று நினைப்பாள். தெருவில் இறங்கி நடப்பதை நினைத்ததும் அதுவும் முடியாது என்று தோன்றும். இங்கேயும் இருக்க முடியாது, அங்கேயும் போக முடியாது. அப்படியானால் எங்கே இருப்பது? அந்தக் கேள்விக்கு அவள் மனசு சொன்ன பதில்கள் சில அவளையே பயமுறுத்தின. ஜன்னல் பக்கம் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை ரேடியோ தட்டியபோது, "கொஞ்ச நேரம் உள்ள வந்து இரும்மா. பேசிட்டே இரு, எதையாவது பேசு" என்றாள். ரேடியோ வகுப்புக்குப் போகாமல் சாயங்காலம் வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் நடந்தது நடக்காதது எல்லாவற்றையும் பேசினாள்.

அடுத்த வியாழன் பேராசிரியரின் மனைவி போன் செய்தாள். "உடம்பு சரியில்லையா? போன வாரம் முழுக்க அவர் கதவையே பார்த்துட்டு இருந்தார். இன்னிக்கும் பார்க்கறார்."

தன்னை எதிர்பார்க்கிற ஓர் ஆள் அந்த ஊரில் இருக்கிறார் என்பது டீச்சருக்கு அப்போதுதான் தைத்தது. குளித்துக் கிளம்பினாள்.

அவள் ஸ்பூனால் பேராசிரியருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டு, தமிழில், "இன்னும் ஒரே ஒரு வாய்ங்க, முழுங்குங்க" என்று குட்டியைக் கெஞ்சுவதுபோலக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது நெட்டை உள்ளே வந்தார். பழைய நண்பராம். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவள் புகட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது அவளை அறைக்கு வெளியே நடைக்கு வரச் சொன்னார்.

"என் மாணவன் ஒருத்தன் விட்டுட்டுப் போயிட்டான். புதுப் பிள்ளைங்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்க ஆள் வேணும். நீங்க சொல்லிக்கொடுத்தவங்கதானே?"

"பதினோரு வருஷம்."

"ஆனா உங்க கடலைப் பூஞ்சை கெடையாது. என் மரப் பூஞ்சைதான். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். லீவு காலத்துலதான் பழைய கட்டடங்கள்ல மர மாதிரிகள் எடுக்கப் போவோம், அதனால முதல் லீவுக்கு ஊருக்குப் போக முடியாது. நெறைய யோசிங்க, ஆனா திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அவர் குரலில் இரக்கம் எதுவும் இல்லை. டீச்சருக்கு அது ஏனோ பிடித்திருந்தது. கடலைப் பூஞ்சை போகட்டும். பெரிய லீவு?

கணவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று உறுதியாக இருந்தாள். இனிமேல் மறைப்பதில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் கூப்பிட்டாள். அவரே எடுத்தார். பின்னால் குட்டி அழும் சத்தம்.

"காய்ச்சல். நேத்துலேர்ந்து கொதிக்குது. டாக்டர்கிட்டக் காட்டியாச்சு."

"அவகிட்டக் குடுங்க."

போனைக் குட்டியின் காதில் வைத்திருப்பார் போல. "குட்டி, அம்மாடா. அம்மா பேசறேன்."

"அத்தை," என்று குட்டி வீறிட்டாள். "அத்தை வேணும். அத்தையக் கூப்பிடு."

டீச்சர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "ஏங்க, அண்ணியக் கூப்பிடுங்க. போனை வச்சிட்டு அவளப் பாருங்க" என்றாள்.

"நீ என்னவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் பேசலாம்."

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். கூரை இடித்தது, அதற்கும் சேர்த்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடைசி மாடிக்கு ஏறிப்போய், நெட்டையிடம், "வர்றேன்" என்றாள். கணவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வந்துடு என்று சொல்லியிருப்பார், அல்லது இரு என்று சொல்லியிருப்பார். இரண்டில் எதைக் கேட்கவும் அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை.

அன்று மத்தியானமே, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு, கணவரிடம் சொல்லிவிட்டாள். லீவுக்கு வர முடியாது என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவர் நிறுத்தினார்.

"கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஆமாங்க."

"சரி. இந்த வாட்டி அன்னிக்கே சொன்னியே" என்றார். கோபம் போகவில்லை, ஆனால் வைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

புது இடத்தில் அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள் அவளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார்கள். பழைய கட்டடங்களின் ஈர நிலவறைகளில் மண்டியிட்டு, உளுத்த மரத்தைச் சுரண்டினாள். பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து வகுப்பெடுத்தாள். பேராசிரியரைப் பிறகு ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். வசந்தம் வருவதற்குள் அவர் போய்விட்டார். இறுதிச் சடங்கில் அவருடைய மனைவி தன் பக்கத்தில் அவளை உட்கார வைத்துக்கொண்டாள், சொந்தக்காரர்கள் வரிசையில்.

குட்டி இப்போது போனில் வருகிறாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள், நல்ல பிள்ளையாக. பெரிய லீவு வந்து, முடியப்போகிற சமயத்தில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, நீ எப்ப வருவேன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ அழுவேன்னு அப்பா சொன்னாரு."

டீச்சர் மரத்தூள் ஒட்டிய கையுறையோடு நிலவறைப் படியில் நின்றுகொண்டிருந்தாள். மேலே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"கேளு குட்டி," என்றாள். "அழுதாப் பரவால்ல. கேளு."

குட்டி யோசித்தாள்.

"எப்ப வருவே?"

"அடுத்த பெரிய லீவுக்கு. அதுக்கு முன்னாடி முடியாது."

"அது ரொம்ப நாளா?"

"ரொம்ப நாள்."

"உம்," என்றாள் குட்டி. போனை அத்தையிடம் கொடுக்காமல், வைக்காமல், ஒன்றும் பேசாமல் அப்படியே இருந்தாள். டீச்சரும் படியில் உட்கார்ந்துகொண்டாள்.